டிரைவரை விட்டுவிட்டுப் போன பஸ்

"பக்கத்துல உக்காருறேன்னு சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன். யாரு இல்லேன்னா?"

"அப்ப உக்காருங்க."

"ஒரு நிமிஷம் இரும்மா. இந்த ஆளு எப்படி கியர் மாத்துறாருன்னு மட்டும் பாத்துட்டு வந்துடறேன்."

"இந்த வண்டியில கியரே இல்லையாம். நேத்து உங்க பொண்ணு போன்ல சொன்னா இல்ல?"

"கியர் இல்லாம அது என்ன வண்டி, தையல் மிஷினா?"

"தையல் மிஷினை இதுல இழுக்காதீங்க. அதாச்சும் நான் சொன்னா கேக்கும்."

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. கம்பியைப் பிடித்து நின்றிருந்தவரின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. முப்பத்தொரு வருஷம் டவுன் பஸ் ஓட்டிய கால். ரிட்டயர் ஆகி நான்கு மாதம் ஆகிறது, காலுக்கு மட்டும் இன்னும் யாரும் தகவல் சொல்லவில்லை.

மகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்து, கடல் தாண்டி அனுப்பிவைத்த ஐந்து நாள் பயணம் இது. ஓட்டல் அறை பத்தொன்பதாவது மாடியில். அங்கிருந்து பார்த்தால் இந்த ஊர் எங்கே முடிகிறதென்றே தெரியாது. கட்டடங்களுக்கு நடுவே மேம்பாலத்தில் ரயில் நழுவிப் போகும். சிக்னல் விழுந்ததும் மோட்டார் சைக்கிள்கள் மடை திறந்த மாதிரி பாயும். தினமும் மூன்று மணிக்கு ஒரு மழை வந்து, நாலு மணிக்குச் சொல்லிக்கொள்ளாமல் போய்விடும். முதல் நான்கு நாளும் எல்லாரும் பார்ப்பதையெல்லாம் பார்த்தார்கள். கண்ணாடித் தரை போட்ட உச்சி மாடியில் டிரைவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அவர் மனைவி குனிந்து, கீழே போகிற பஸ்களை எண்ணிச் சொன்னாள்.

இன்று கடைசி நாள். "உனக்கு என்ன வேணுமோ கேளு" என்று காலையில் பெரிய மனதோடு சொல்லிவிட்டார்.

"ஒரு பஸ்ல, கடைசி ஸ்டாப் வரைக்கும், நீங்க என் பக்கத்துல உக்காந்து வரணும்."

அவள் தையல்காரி. இருபத்தெட்டு வருஷம் அவர் ஓட்டிய பஸ்ஸில்தான் கடைக்குப் போனாள். டிரைவருக்கு நேர் பின்னால் முதல் சீட். கணவனோடு போகிறாள் என்று பெயர். அவள் கண்டதெல்லாம் ஒரு காக்கிக் காலர், அதுவும் அவளே தைத்தது. வேறு பஸ்ஸில் இருவரும் ஏறினாலோ, அவர் நேராகப் போய் டிரைவர் பக்கத்தில் நின்றுவிடுவார். தொழில் பாசம். ரிட்டயர் ஆனால் திருந்துவார் என்று நினைத்திருந்தாள்.

கடைசி ஸ்டாப்பும் வந்துவிட்டது. பெரிய ஷெட், வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு பஸ்கள்.

"பாருங்க, நின்னுக்கிட்டே வந்துட்டீங்க" என்றாள்.

"திரும்பிப் போறப்ப உக்காந்துடறேன், சத்தியமா. ரெண்டு நிமிஷம் கீழ இறங்கிட்டு வரேன்."

இறங்கினார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, டயர்களை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்தார். ஒவ்வொரு ட்ரிப்பின் முடிவிலும் செய்கிற வேலை. அவர் வண்டியடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது கதவு புஸ்ஸென்று மூடிக்கொண்டது. பஸ் நகர்ந்தது.

அவர் பதறவே இல்லை. அவர் ஏறாமல் எந்த வண்டியும் கிளம்பியதாகச் சரித்திரம் கிடையாது. வண்டியைத் தள்ளி நிறுத்தப் போகிறார்கள் என்றுதான் நினைத்தார். அது ஷெட்டின் வாசலைத் தாண்டியபோதுதான் உறைத்தது.

"ஹோல்டான்! யோவ், ஹோல்டான்!"

ஜன்னலில் மனைவியின் முகம் தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவருடைய போன், ஓட்டல் விலாசச் சீட்டு எல்லாம் அவள் கைப்பையில். ஆனால் புறப்படும் முன்பே சொல்லியிருந்தார்: "பிரிஞ்சுட்டா நீ வண்டியை விட்டு இறங்காத. எந்த வண்டியும் கிளம்பின இடத்துக்குத் திரும்பி வந்துதான் ஆகணும்." அந்த நம்பிக்கையில் கொஞ்சம் தெம்பாக நின்றார். அவள் இதுவரை எப்போது தன் பேச்சைக் கேட்டாள் என்று யோசித்ததும் வியர்த்துவிட்டது.

நேரம் பார்த்து பஸ்களை அனுப்பிவைக்கும் டைம் கீப்பர் ஓடிவந்தாள், ஒரு பெண். கையில் அட்டை, கழுத்தில் விசில். அவள் மொழியில் ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரியவில்லை. ஆனால் திட்டுகிறாள் என்பது தெளிவாகப் புரிந்தது. அவர் இரு கைகளாலும் பெரிய ஸ்டியரிங்கைச் சுற்றிக் காட்டினார். பிறகு மூன்று தடவை பத்து விரல், கடைசியில் ஒரு விரல். திட்டு நின்றது. அவள் விசில் ஊத, மூன்று டிரைவர்கள் வந்தார்கள். நடந்ததை அவள் நடித்தே காட்டினாள், டயரை உதைப்பது உட்பட. சிரித்துச் சிரித்து ஒருவருக்கு விக்கல் வந்துவிட்டது. அந்த ஆளின் முதுகில் தட்டியது நம் டிரைவர்தான்.

அவள் கடிகாரத்தில் காட்டினாள்: வண்டி திரும்ப ஒரு மணி பத்து நிமிஷம்.

அதுவரை உட்காரும்படி ஓய்வில் நின்ற ஒரு பஸ்ஸைத் திறந்துவிட்டார்கள். டிரைவர் சீட்டையே காட்டினார்கள். உட்கார்ந்தார். நிஜமாகவே கியர் இல்லை. இடது கால் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் தொங்கியது. மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் பின்னால் பார்த்தார். எல்லா சீட்டும் தெரிந்தது. நேர் பின்னாலிருந்த முதல் சீட் மட்டும் தெரியவில்லை. அது எந்த வண்டியிலும் தெரியாது.

எழுந்து போய் அந்தச் சீட்டில் உட்கார்ந்து பார்த்தார். முன்னால் ஒரு தடுப்பு. அதற்கு மேல், ஒரு ஆளின் கழுத்து இருக்க வேண்டிய இடம். அவ்வளவுதான் காட்சி. ஊர் தெரியவில்லை, ரோடும் தெரியவில்லை. "இத்தனை வருஷமா இதைப் பாத்துக்கிட்டா உக்காந்திருந்தா?" என்று வாய்விட்டே கேட்டார்.

மழை ஓய்ந்தபோது பஸ் வந்தது. அவர் தண்ணீரில் சளப்சளப்பென்று ஓடினார். கதவு திறந்தது. மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஜாக்கெட் கை நனைந்திருந்தது. பக்கத்து சீட்டில் கைப்பை.

"எறங்கலியே?"

"நான் ஏன் எறங்கணும்? ஆறு எவ்ளோ பெருசு தெரியுமா! ரெண்டு பாலம் ஏறினோம். ஒரு அம்மா என் ஜாக்கெட் தையலைத் தொட்டுப் பாத்து, தன்னோட அறுந்த பட்டனைக் காட்டிச்சு. நானே தச்சுக் குடுத்தேன், ஓடுற வண்டியில!"

"பயமா இல்லியா?"

"பஸ்ஸைத் தவறவிட்ட டிரைவரை நெனச்சேன். சிரிப்பு வந்துச்சு, பயம் வரல."

பின்னாலேயே டைம் கீப்பர் வந்து, பஸ் ஓட்டிவந்தவரிடம் மூச்சுவிடாமல் கதையைச் சொன்னாள். அவர் எழுந்து நின்று நம் டிரைவருக்கு ஒரு சல்யூட் வைத்தார். தன் பக்கத்தில் மடக்கியிருந்த சின்ன சீட்டை விரித்து, துண்டால் துடைத்து, வாருங்கள் என்று கை காட்டினார். மற்ற டிரைவர்கள் கை தட்டினார்கள். அங்கிருந்து பார்த்தால் வண்டியை ஓட்டும் பட்டன்கள், கண்ணாடிகள், ரோடு, எல்லாம் தெரியும்.

டிரைவர் இரண்டு சீட்டுக்கும் நடுவில், கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

டைம் கீப்பர் விசிலை வாயில் வைத்தாள். மனைவி கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஈரமான சீட்டை முந்தானையால் துடைத்தாள்.

"ஏங்க, இப்பவாவது இங்க வந்து உக்காருங்களேன்."