கயிறு கட்டிய நாற்காலி

தங்கை புருஷனுக்கு உரக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி வேலை. உரமூட்டை விற்றுக்கொண்டிருந்த வாய்க்குத் திடீரென்று ‘பாரம்பரியம்’ என்ற வார்த்தை கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. துருப்பிடித்த பூட்டைக் கண்டாலும் பாரம்பரியம், காரை பெயர்ந்த சுவரைக் கண்டாலும் பாரம்பரியம். அக்காள், அதாவது ஓய்வுபெற்ற தலைமை நர்ஸம்மா, மனசுக்குள் அவனுக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டாள்.

பாரம்பரியத்தின் திட்டம் இதுதான். அக்காள் தனியாகக் குடியிருக்கும் அப்பா வீட்டை, ஊர் சுற்ற வருகிறவர்கள் தங்கும் பழங்கால ஓட்டலாக மாற்ற வேண்டும். வீடு இரண்டு பெண்கள் பேரிலும் இருந்தது. தங்கை எப்போதோ தலையாட்டிவிட்டாள். அக்காளும் சம்மதித்தால் வேலையை உதறிவிடலாம் என்று அவன் ஒரு வருஷமாக அரைத்த மாவையே அரைத்தான். அவள் பிடி கொடுக்கவில்லை. அப்படிப்பட்ட ஓட்டல் ஒன்றில் தங்கிப் பார்த்துவிட்டாவது சொல்லுங்கள் என்று நச்சரித்து, லீவுக்கு மூன்று பேருமாகக் கிளப்பிக் கொண்டுவந்து சேர்த்தது இந்த இடத்தில்.

குறை சொல்லத்தான் அவள் வந்தாள். அறைக்குள் நுழைந்ததும் வார்டுக்கு ரவுண்ட்ஸ் போகிற மாதிரி படுக்கை விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள். ஜன்னல் கட்டையில் விரலை ஓட்டினாள். குளியலறைத் தரை வழுக்குகிறதா என்று செருப்பைத் தேய்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆளுயர ஜன்னல், வெயிலை வடிகட்டி அனுப்பும் மரச்சட்டங்கள், கால் வைத்தால் குளிரும் தரை, எத்தனையோ கைகள் தடவி வழவழத்துப்போன படிக்கட்டுக் கைப்பிடி. வாடகையோ பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற லாட்ஜை விடக் குறைச்சல். இரவெல்லாம் புரண்டு புரண்டு படுக்கிறவள், காலையில் தங்கை வந்து உலுக்கும்வரை தூங்கினாள்.

கூட அவன் மட்டும் வராமல் இருந்திருந்தால் சொர்க்கம். தூணைத் தட்டிப் பார்த்தான். கதவுக் கீலைப் படம் பிடித்தான். டீ குடிக்க உட்கார்ந்த ஒரு தம்பதியைப் பிடித்துக்கொண்டு உத்தரத்தைப் பற்றி விளக்கினான். அவர்கள் டீ ஆறி ஆடை கட்டியதுதான் மிச்சம். அந்தக் கட்டடத்தைக் கட்டிய கொத்தனாரே எழுந்து வந்திருந்தாலும் அவருக்கும் திருத்தம் சொல்லியிருப்பான். தங்கை வேறு, அவருக்கு எவ்வளவு விஷயம் தெரிகிறது பார் என்று பூரித்தாள். இந்த வியாதிக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து கிடையாது என்று அக்காள் வாயை மூடிக்கொண்டாள்.

ஆனாலும் இரண்டாம் நாள் அவள் மனசு இளகியிருந்தது. அப்பா வீட்டிலும் இப்படி ஜன்னல்கள்தான். பாதி அறைகளைப் பூட்டியே வைத்திருக்கிறாள். நாலு பேர் வந்து தங்கிப் போனால் என்ன கெட்டுவிடும்? அவனைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான். சரி என்று சொல்லிவிடுவதென்றே தீர்மானித்து மாடியிலிருந்து இறங்கினாள்.

கடைசிப் படியில் முட்டி மக்கர் செய்தது. வார்டில் நின்றே தேய்ந்த முட்டி. கூடத்து மூலையில் கைவைத்த பெரிய மர நாற்காலி ஒன்றும், அதன் குறுக்கே ஒரு பட்டுக் கயிறும் இருந்தன. கொக்கியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். செய்துவைத்த மாதிரி முதுகு பொருந்தியது.

ஆக்ஸிஜன் சிலிண்டர் பக்கத்தில் சிகரெட் பற்றவைத்தவனைப் பார்த்துவிட்ட மாதிரி அவன் ஓடி வந்தான். பின்னாலேயே தங்கையும் வந்தாள்.

“அக்கா, எந்திரிங்க. அது நூத்தம்பது வருஷத்து நாற்காலி.”

“என் முட்டிக்கும் வயசாச்சு தம்பி.”

“விளையாடாதீங்க. இதெல்லாம் பார்க்கத்தான், உட்கார இல்ல. நாளைக்கு நம்ம வீட்டுல நீங்க உட்கார்ற உங்க அப்பா நாற்காலிக்கும் இப்படித்தான் கயிறு கட்டப்போறேன்.”

“அப்ப நான் எங்க உட்காருறது?”

அவன் யோசிக்கக்கூட இல்லை. பின்னால் துணி துவைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஒரு ரூம் போட்டுவிடலாம், வருகிறவர்கள் கண்ணில் படாமல் சௌகரியமாக இருக்கும் என்று உற்சாகமாகச் சொன்னான். வாயெல்லாம் பல். யாருடைய சம்மதத்துக்காக இவ்வளவு தூரம் கூட்டிவந்தானோ, அவளையே எழுப்பி நிறுத்தப் பார்க்கிறான். இவன் உரமூட்டையை யார் தலையில் எப்படிக் கட்டினான் என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

பேச்சுச் சத்தம் கேட்டு ஓட்டல்காரர் வந்தார். இவன் அவளுக்காக மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தான். அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் ஒரு முக்காலியை இழுத்து அவள் காலடியில் வைத்தார்.

“காலை நீட்டிக்குங்கம்மா. கயிறு, பசங்க ஏறிக் குதிக்காம இருக்கத்தான்.”

டீயையும் அங்கேயே வரவழைத்தார். அவள் அவசரப்படாமல் குடித்தாள். தங்கை புருஷன் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, அதை எங்கே மாட்டுவதென்று தெரியாமல் பக்கத்தில் நின்றான்.

“இவர் கேட்டிருந்தா வீட்டைக் குடுத்திருப்பேன் தம்பி. உங்களுக்கு இல்ல.”

அவன் துணைக்குப் பெண்டாட்டியைப் பார்த்தான். தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பின்னாடி ரூம்னு என்கிட்ட நீங்க சொல்லவே இல்லையே,” என்றாள்.

அவன் விளக்கத் தொடங்கினான். அவன் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவள் அக்காள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, ஓட்டல்காரரிடம் தனக்கும் ஒரு டீ சொன்னாள்.