மெத்தைகளோடு எனக்கு இருந்த பகை

ஊரில் யார் வீட்டு மெத்தையாக இருந்தாலும் என் வீட்டுக்காரர் கட்டிப்பிடிப்பார். கிழிந்தது, மழையில் ஊறியது, நாய் படுத்தது என்ற பேதமெல்லாம் அவருக்குக் கிடையாது. என்னைத்தான் இரண்டு வருஷமாகத் தொடவில்லை.

அவருடைய வேலை அப்படி. வேண்டாமென்று ஜனங்கள் தெருவில் கொண்டுவந்து போடும் பெரிய சாமான்களை, சோபா, கட்டில், மெத்தை எல்லாவற்றையும், நகராட்சி லாரியில் ஏற்றுகிறவர். மெத்தையைத் தூக்குவதற்கு வேறு வழியே இல்லை. இரண்டு கையாலும் அணைத்து, மார்போடு சேர்த்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டுதான் தூக்க வேண்டும். ஒற்றை ஆளாக ஒரு பீரோவை முதுகில் ஏற்றிய நாளிலிருந்து கூட வேலை செய்கிறவர்கள் அவரைப் பீரோ என்றுதான் கூப்பிடுகிறார்கள். கோபம் வந்தால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

நான் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறையில் டிசைன் போடுகிறவள். கையில் எப்போதும் அளவு டேப்பு இருக்கும். கல்யாணத்துக்கு முன்பு ஒரு நாள் அவருடைய லாரியின் பின்கதவை அளந்துகொண்டிருந்தபோது, "டேப்பு, அப்படியே என்னையும் ஒரு தடவை அளந்துடு" என்றார். முன்பின் பழக்கமில்லாத பெண்ணிடம் பேசுகிற பேச்சா அது? ஆனாலும் அளந்தேன். அந்த அகலத்தைப் பார்த்துத்தான் மயங்கிவிட்டேன், உண்மையைச் சொல்வதற்கென்ன.

கல்யாணமான புதிதில் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு மழைக்காலத்தில் அவருடைய சட்டை மடிப்பில் ஏறிக்கொண்டு மூட்டைப்பூச்சி வீட்டுக்கு வந்தது. கட்டில் சந்துகளில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினோம். மெத்தையைத் தூக்கி எறிந்தோம். அவருக்கு அது கடித்தால் கொசு கடித்த மாதிரி. எனக்கோ கை முழுக்கத் தடித்து, புண்ணாகி, காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் படுக்கும்படி ஆகிவிட்டது. டாக்டர், இனிமேல் இந்தப் பூச்சி உங்கள் பக்கமே வரக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். அவர் சொன்னது பூச்சியை. இவர் அதைத் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குப் புது மெத்தை வாங்கிப் போட்டார். தனக்கு ஒரு பிளாஸ்டிக் பாயை வாங்கி முன்னறையில் விரித்துக்கொண்டார். வேலை முடிந்து வந்தால் கொல்லைப்புறமாகப் போய்க் குளிப்பார், துணியை வெந்நீரில் போடுவார், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுவார். என்னோடு நன்றாகத்தான் பேசுவார், சிரிப்பார், சிரிக்கவும் வைப்பார். எல்லாம் வாசற்படிக்கு அந்தப் பக்கம் இருந்து. ஒரு தடவை பொறுக்கமுடியாமல் நானே போய் அந்தப் பாயில் படுத்தேன். எழுந்துபோய் விடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் மனிதர். காலையில் அந்தச் சிவந்த கண்ணைப் பார்த்ததும் எனக்குப் பாவமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் போகவில்லை. ஆனால் அந்த அகலமான மார்பின் சூட்டுக்கு நான் எவ்வளவு ஏங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும். பக்கத்து அறையில் மூச்சுவிடுகிற ஆளை நினைத்து அழுகிறவள் ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வேலையை விட்டுவிடச் சொன்னால், வேறென்ன தெரியும் எனக்கு என்பார். சரி, மெத்தையை அவர் தொடாமல் செய்துவிடுகிறேன் என்று ஒரு வீம்பு வந்துவிட்டது.

பட்டறை முதலாளியிடம் போய், நகராட்சி லாரிக்கு ஒரு கருவி செய்வோம், நோய் பயமில்லாமல் ஏற்றலாம், நல்ல பெயர் கிடைக்கும் என்று ஆயிரம் நியாயம் பேசினேன். நிஜமான நியாயத்தை மட்டும் சொல்லவில்லை. அவர் தாடியைச் சொறிந்துகொண்டு சம்மதித்தார்.

லாரியின் பின்னால் ரப்பர் வைத்த இரண்டு இரும்புக் கைகள். அவை மெத்தையை அமுக்கிப் பிடித்துத் தூக்கி உள்ளே தள்ளும். கடையில் வாங்கிய புது மெத்தையை அது அழகாகத் தூக்கியது. பழைய மெத்தையைக் கொடுத்தால் நடுவில் தொய்ந்து நழுவியது. அமுக்கினால் உள்ளே இருந்த தூசியும் பூச்சியும் புஸ்ஸென்று வெளியே வந்து, பக்கத்தில் நின்ற வெல்டரின் முகத்தில் அடித்தன. அவர் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. மாதக்கணக்கில் அங்கேயே நின்றது வேலை.

கடைசியில் வழி கிடைத்தது தலையணைக்கு உறை போட்டபோதுதான். தலையணையை மோவாயால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உறையை மேலே இழுப்போமே, அப்படி. தூக்குவதற்கு முன்னால் உறை. கிடக்கிற இடத்திலேயே ஒரு முனையை மட்டும் கவ்வி, பிளாஸ்டிக் உறையை மறுமுனை வரை இழுத்து வாயை மூடிவிட்டு, அதற்குப் பிறகு அமுக்க வேண்டும். கவ்வுகிற பாகத்துக்குத் தாடை என்று பெயர் வைத்தோம். மேலே ஒரு மூடியும், தூசியை உறிஞ்ச ஒரு காற்றாடியும். ஆள் தள்ளி நின்று லீவரை அசைத்தால் போதும்.

தாடை சரியாகக் கவ்வுகிறதா என்று பார்க்க, லாரி தினமும் பழைய மெத்தைகளைப் பட்டறைக் கொட்டகையில் கொண்டுவந்து இறக்கியது. வேறு யாரும் கிட்டே வரவில்லை. நான்தான் மண்டியிட்டு, தலையை மூடிக்குள் விட்டுத் திருகுகளைச் சரிசெய்தேன். கையுறை போட்டால் திருகு பிடிபடாது, கழற்றிவிடுவேன். வீட்டில் அவர் கேட்டபோது, தொடுவதெல்லாம் மெஷின்தான், நான் எங்கே தொடுகிறேன் என்று சொல்லிவைத்தேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் கருவி தெருவுக்கு வந்தது. லீவரைப் பிடிக்க அவரைத்தான் நிறுத்தினார்கள். நடைபாதையில் சாய்ந்து கிடந்த ஈரமெத்தை ஒன்றைத் தாடை கவ்வியது, உறை ஏறியது, இரும்புக் கைகள் தூக்கி உள்ளே வைத்தன. ஒரு தூசி பறக்கவில்லை. நகராட்சி அதிகாரி கை தட்டினார். குறுகலான சந்துகளுக்கு இதையே சின்னதாகச் செய்து தரவேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டார். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. பீரோவின் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை. அவரும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

அவர் வருவதற்குள் விரிப்பை மாற்றிவிடலாமென்று வீட்டுக்கு ஓடினேன். குளிக்கச் சட்டையைக் கழற்றியபோதுதான் பார்த்தேன், முழங்கைக்கு மேலே வரிசையாக மூன்று தடிப்பு. ஒரு வாரமாக அரித்ததை இரும்புத்தூள் என்று நினைத்திருந்தேன். மெத்தை ஓரத்துத் தையலைப் பிரித்துப் பார்த்தேன். கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். ஒன்று ஊர்ந்தும் போனது. என் தலைவிதியை என்னவென்று சொல்ல? அவர் கொண்டுவரக்கூடாதென்று பாடுபட்டதை நானே சுமந்துகொண்டுவந்து எங்கள் கட்டிலில் சேர்த்திருக்கிறேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானம் அவர் வந்தார். பழக்கதோஷத்தில் கொல்லைப்புறமாகப் போய்க் குளித்துவிட்டு, தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புதுமாப்பிள்ளை மாதிரி அறை வாசலுக்கு வந்து நின்றார். நான் குறுக்கே கையை நீட்டினேன்.

"உள்ள வராதீங்க."

கேட்டுக்கொண்டிருந்த என் காதுக்கே அது அவருடைய குரல் மாதிரி இருந்தது. கையைக் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொட்டகையா என்று கேட்டார், தலையசைத்தேன்.

"எனக்கு ஒரு மெஷின் பண்ணுன. உனக்கு யாரு பண்ணுவா?" என்றார்.

பிறகு என் கையை ஒதுக்கிவிட்டு நேரே போய்க் கட்டிலில் படுத்தார். பூச்சி இருக்கிறது, எழுந்திருங்கள் என்று கத்தினேன். அசையவில்லை. அப்போதுதான் எனக்கு வந்தது பாருங்கள் கோபம், இரண்டு வருஷத்துக் கோபம்.

"இதே மாதிரி நான் வந்து படுத்தப்ப ஏன் எழுந்து போனீங்க?"

"அப்ப நான் கொண்டுவந்த பூச்சியில்ல உன்னைக் கடிச்சிருக்கும்."

"இப்ப?"

"இப்ப நீ கொண்டுவந்தது, என்னையும்தான் கடிக்கட்டுமே. நாளைக்கு மெத்தையைத் தூக்கிப் போட்டுட்டு டாக்டர்கிட்ட போவோம். இப்ப வா."

வீட்டில் நுழைந்துவிட்டது, இனி எந்த அறையில் படுத்தாலும் ஒன்றுதான் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போய்ப் படுத்தேன். அவர் பக்கம் எது, என் பக்கம் எது என்பதே இருவருக்கும் மறந்துபோயிருந்தது. முழங்கை இடித்தது, தலை இடித்தது. அவர் மார்பில் சோப்பு வாசம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவில்லை.

தடிப்பை நான் சொறியப் போனேன். சொறிந்தால் புண்ணாகும் என்று இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அரிப்பில் உயிர் போனது. கையை விடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.