டயரில் காற்று இருந்தது

1

இந்தக் கதை முந்நூறு வார்த்தைக் குறிப்பாகப் பிறந்தது. ஒரு பெரிய இசைக் கம்பெனி என்னைக் கூப்பிட்டது. ராப் பாடும் ஒருவனின் முதல் ஆல்பம். பத்துப் பாட்டு. உறையின் உட்புறத்தில் அச்சிட அவனைப் பற்றி ஒரு குறிப்பு வேண்டும். ஒப்புக்கொண்டேன். எழுத முடியவில்லை. முடியாமல் போனதுதான் இது.

அடித்த தொடக்கங்கள்:

வார்த்தைகளே அவன் ஆயுதம் [பொய். அவனிடம் இருப்பது ஒரு லேப்டாப், ஒரு மைக்.]

இருபத்து நான்கு வயதிலேயே இவன் [இருபத்தாறு. இரண்டைக் கம்பெனி கழித்துக்கொண்டது.]

ஒரு துணி அலமாரிக்குள்தான் இந்தக் குரல்

மூன்றாவது உண்மை. அங்கிருந்து தொடங்குகிறேன்.

2

அவன் பெயர் கொசு. காதருகே வந்துவிட்டால் போக மாட்டான் என்று அக்கா வைத்த பெயர். மேடையிலும் அதுதான்.

அக்காவும் அவனும் இரண்டு அறை வீட்டில் இருக்கிறார்கள். அக்கா கண்டக்டர் இல்லாத நகரப் பேருந்து ஓட்டுகிறாள். வீட்டில் சத்தம் குறைந்த இடம் அவளுடைய துணி அலமாரி. தொங்கும் துணிகள் எதிரொலியை விழுங்கிவிடும். கொசு அதற்குள் சம்மணமிட்டு உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு பாடினான். உள்ளே காற்று குறைவு. அதனால் வரிகள் குட்டையாயின. அதைத்தான் அவனுடைய பாணி என்று இப்போது எழுதுகிறார்கள்.*

ஒரு மதியம், பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது அக்கா அலமாரியைத் தட்டினாள்.

"டேய் கொசு, கதவைத் திற. என் யூனிஃபார்ம் உள்ள மாட்டியிருக்கு. ஷிஃப்டுக்கு நேரமாச்சு."

அதை அவன் வெட்டவில்லை. பாட்டு அந்தத் தட்டலில்தான் தொடங்குகிறது. இணையத்தில் போட்டான். நாலாயிரம் பேர் கேட்டார்கள். பேருந்தில் ஏறும் சில பிள்ளைகள் அக்காவிடம், "யூனிஃபார்ம் கிடைச்சிருச்சாக்கா?" என்று கேட்பதுண்டு. அவளும் சிரித்துவிட்டு டிக்கெட் இயந்திரத்தைக் காட்டுவாள்.

* நானும் உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். ஏழு வாக்கியத்தில் வியர்த்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கும் நீளமாக எழுத வரவில்லை.

3

சிரிக்க முடியாத பகுதி பாட்டின் நடுவில் இருக்கிறது.

பதினேழாம் நம்பரு, கடைசி ஸ்டாப்பு,
பதினோரு நிமிஷம் பஸ்ஸு நிக்குது.
பஞ்சர்னு எழுதினா பதிவேட்டுல.
டயருல காத்து இருந்துச்சு,
ஓட்டினவளுக்குத்தான் இல்ல.

நடந்தது இது. போன வருடம் ஒரு நாள், கடைசி நிறுத்தத்தில் பயணிகள் இறங்கிய பிறகு, அக்கா ஸ்டியரிங்கில் தலையை வைத்துப் பதினோரு நிமிடம் அழுதாள். அடுத்த டிரிப் தாமதமானது. பதிவேட்டில் காரணம் கேட்கும் கட்டத்தில் பஞ்சர் என்று எழுதினாள். பொய்ப் பதிவுக்கு வேலை போகும். ஒருவனிடம் மட்டும் சொன்னாள், பாத்திரம் கழுவிக்கொண்டே. அவன் துடைத்துக்கொண்டே கேட்டான். அடுத்த வாரம் அலமாரிக்குள் போனான்.

ஏன் அழுதாள்? எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் எழுதுகிறவனின் கை சும்மா இருக்காது. நானே ஒரு காரணம் எழுதினேன்.

[இங்கே ஒரு வரி இருந்தது.]

4

கம்பெனியில் ஒரு வழக்கம். இசைத்தட்டில் யார் குரல் இருந்தாலும் அவர்கள் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். இருமினாலும். மேலாளர் படிவத்தைக் கொசுவின் பக்கம் தள்ளினார். நானும் அந்த அறையில் இருந்தேன், குறிப்புக்காக.

"அக்காகிட்ட ஒரு கையெழுத்து. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள. அதோட பாட்டை மூடிடுவோம்."

"அவங்க போடலைன்னா?"

"ஒரு நடிகையை வெச்சுத் தட்டச் சொல்லிடலாம். உன் அக்காவை விட நல்லாத் தட்டுவாங்க."

"நடுவுல வர்றது? அந்தப் பஸ் விஷயம்?"

"அது நீ பாடுறது. அதுக்கு எதுக்குக் கையெழுத்து?" மேலாளர் திரையைத் திருப்பினார். பேருந்தின் பக்கவாட்டில் கொசுவின் முகம், ஆறடி உயரத்தில். "நாற்பது பஸ்ல ஒட்டியாச்சு. உன் பதினேழும் அதுல இருக்கு. சந்தோஷமா?"

கொசு சந்தோஷம் என்றான். காலாட்டிக்கொண்டே இருந்தான்.

குரலுக்குக் கையெழுத்து வேண்டும், வாழ்க்கைக்கு வேண்டாம். இதை நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதும்போதுதான் கவனித்தேன், என்னிடமும் யாரும் படிவம் கேட்கவில்லை.

5

அவன் வீட்டுக்குப் போனபோது என்னையும் கூட்டிப்போனான். தனியாகப் போகப் பயம். அக்கா ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தாள். படிவத்தை இரண்டு முறை படித்தாள்.

"குரல்தானே, எடுத்துக்கோ. இந்தத் தொண்டையை வெச்சு வேற என்ன பண்றேன்? ஆனா நம்பரை மாத்து."

"எந்த நம்பரை?"

"நடிக்காதடா. நாலாயிரம் பேர் கேட்டப்ப விட்டுட்டேன். இப்ப டிப்போ கேன்டீன்லயே ஓடும். சூப்பர்வைசர் பதிவேட்டைப் புரட்டினா ஒரே பஞ்சர், ஒரே ஆளு."

"அக்கா, பதினேழு, பதினோரு, பஞ்சர், பதிவேடு. எல்லாம் ப-வுல விழுது. இருபத்தி மூணுன்னு போட்டா நொண்டும்."

"பதினாலு போடு."

கொசு உதட்டுக்குள் பாடிப் பார்த்தான். நொண்டவில்லை. மூன்று பேருக்கும் அது தெரிந்தது.

"பதினாலு பொய்க்கா."

"பஞ்சரும் பொய்தான். அதுக்கு மட்டும் பீட்டு போட்டு ஆடினே."

"நான் பாடுறதுல ஒரு வார்த்தை பொய்யின்னா போச்சு. அவனவன் வந்து கிழிச்சிருவான். என்கிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான்."

"என்கிட்ட இருக்கிறது வேலை ஒண்ணுதான்." அக்கா படிவத்தை மடித்துத் தன் பையில் வைத்தாள். "நம்பரை மாத்தினேன்னு சொல்லு, கையெழுத்து வாங்கிக்கோ. இல்லைன்னா அந்த நடிகையைக் கூப்பிட்டுத் தட்டச் சொல்லு. அவளுக்கு யூனிஃபார்ம் இருக்கான்னும் கேளு."

என்னைப் பார்த்தாள். "சார் என்ன எழுதிக்கிட்டே இருக்காரு?"

நான் நோட்டை மூடினேன். கதை அந்த நொடியில் குறிப்பாக இருப்பதை நிறுத்திவிட்டது.

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) கொசு பதினாலு என்று பாடுகிறான். அக்கா கையெழுத்திடுகிறாள். [நடக்கக்கூடியது. ஆனால் அவன் பிடிவாதம் எனக்குத் தெரியும். எனக்கும் அது இருக்கிறது.]

(ஆ) நடிகை வருகிறாள். பத்துத் தடவை தட்டுகிறாள். ஒவ்வொரு தடவையும் கொசு திறக்க எழுந்திருக்கிறான் [மிகை.]

(இ) அக்கா தானே டிப்போவுக்குப் போய்ப் பதிவேட்டைத் திருத்துகிறாள், தம்பியின் பாட்டுக்காக. [எழுதியதில் இதுதான் அழகு. அதனாலேயே அடித்தேன். அக்காக்களைப் பெருந்தன்மையானவர்களாக்கித் தம்பிகளைக் காப்பாற்றும் கதைகள் போதும்.]

(ஈ) நான் அவளிடம் போய்

7

போனேன். வியாழக்கிழமை மதியம், இதுவரை நீங்கள் படித்த பக்கங்களை எடுத்துக்கொண்டு அவள் பேருந்தில் ஏறினேன். பக்கவாட்டில் கொசுவின் முகம் ஒட்டியிருந்தது. ஒரு கண்ணின் மேல் டீசல் மூடி.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். அவளுக்கு ஒன்பது நிமிட இடைவெளி. காகிதங்களை நீட்டினேன்.

"நாலு நாளா அவன் மூஞ்சியைச் சுமந்துக்கிட்டு ஓட்டுறேன். இப்ப நீங்க வேறயா?" என்றாள். ஆனாலும் வாங்கினாள். ஸ்டியரிங்கின் மேல் வைத்துப் படித்தாள். மூன்றாம் பகுதியில் நின்றாள்.

"இது என்ன காரணம்?"

"நானா நினைச்சு எழுதினது."

"பேனா குடுங்க." அந்த வரியை அடித்தாள். ஒரு தடவை அடித்தால் படிக்க முடிகிறது என்று மறுபடியும், காகிதம் கிழியும்வரை.

"தப்பான காரணமா?"

"சொல்ல மாட்டேன். சரியா இருந்தாலும் அது உங்களுது இல்ல."

மேலே படித்தாள். பதினேழு என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

"நான் பதினேழு இல்லையே."

"மாத்திட்டேன்."

"பதினாலும் நான் சொன்னது இல்ல."

"அதையும் மாத்திட்டேன். ப-வுல தொடங்குற மாதிரி பார்த்துக்கிட்டேன்."

"யாரு மாத்தச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

கண்ணாடியில் காலி இருக்கைகளைப் பார்த்தாள். நேரத்தைப் பார்த்தாள். இரண்டு நிமிடம் பாக்கி.

"கதை நொண்டுதா?"

யோசித்தேன். பொய் சொல்லக் கூடாத இடம்.

"இல்ல."

"இதை அவன்கிட்ட சொல்லுங்க." காகிதங்களைத் திருப்பித் தந்தாள். கதவைத் திறந்தாள். வெளியே ஆட்கள் ஏறக் காத்திருந்தார்கள். நேரத்துக்குக் கிளம்பினாள்.

8

சொன்னேன். வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு ஸ்டுடியோவில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அலமாரியைவிட இருபது மடங்கு பெரிய அறையில், நிறையக் காற்றோடு, கொசு தனியாக நின்றான். ஒலிப்பதிவாளர் மைக்கைத் திறந்துவிட்டார். அக்கா கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன்.

"நீங்க கதை எழுதுறவர். உங்களுக்கு மாத்தலாம்," என்றான்.

"நீயும்தான்."

அவன் மூச்சு மட்டும் ஸ்பீக்கரில் வந்தது. பிறகு, "சார் வெளிய போறீங்களா, நான் பாடணும்," என்றான்.

போய்விட்டேன். குறிப்பு எழுதித் தர முடியாது என்று கம்பெனிக்குச் சொன்னேன். அவர்கள் வேறு ஒருவரிடம் வாங்கிக்கொண்டார்கள். வார்த்தைகளே அவன் ஆயுதம் என்று தொடங்குகிறது.

ஆல்பம் வெளிவந்துவிட்டது. நான் கேட்கவில்லை. கேட்டால் இந்தக் கதைக்கு ஒரு முடிவு எழுத வேண்டிவரும். பாட்டில் வரும் எண்ணைக் கேட்டு நீங்கள் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. அவள் எண் என்ன என்று நான் சொல்லவில்லை. டிப்போவில் ஒரு மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கு மட்டும் பாட்டின் எண்ணே போதும்.

ஆனால் பழைய பதிவு இணையத்தில் எங்கோ இன்னும் இருக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள். பிறகு ஆல்பத்தில் மூன்றாவது பாட்டு. இரண்டிலும் தொடக்கத்தில் ஒரு பெண் கதவைத் தட்டுகிறாள். ஒரே பெண்தானா என்று பாருங்கள்.

என்னிடம் சொல்ல வேண்டாம்.