சாமிக்கல்லில் சுற்றிய துணி

பதுளை ஆஸ்பத்திரியில் இடது மார்பை எடுத்த மூன்றாம் மாதம் ரெங்கம்மாவின் இடது கை வீங்கத் தொடங்கியது. தேயிலைத் தோட்டத்து மருந்தையா கனகசபை, விரலடியிலிருந்து தோள்வரை வெள்ளைத் துணிச் சுருளைச் சுற்றிவிட்டார். ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றில் பாதியை மறைக்கும். கீழே இறுக்கம், மேலே போகப்போகத் தளர்வு.

"ரெண்டு சுருள்தான் வந்தது. ஒண்டைக் கட்டினால் மற்றதைத் தோய்ச்சுக் காயவை. கட்டில்லாமல் விட்டால் விரல் மடங்காது, விளங்குதோ?"

விளங்கியது. விரல் மடங்காவிட்டால் கொழுந்து பறிக்க முடியாது. பறிக்காவிட்டால் செக்ரோல் என்ற வேலையாள் பதிவில் பேர் இருக்காது. பேர் போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பிராவும் போகும். அவளுடைய பிரஜாவுரிமை விண்ணப்பம் மறுக்கப்பட்டுத் திரும்பி வந்த வருடம் அது. புருஷனும் இல்லாதவள் எங்கே போவாள்? திங்கட்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் தோட்டத்துத் துரை கையைப் பார்ப்பார் என்று மாடசாமிக் கங்காணி சொல்லியிருந்தார்.

அதுவரை ஒற்றைக் கையோடு மல்லுக்கட்டினாள். பானையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி அரிசி களைந்தாள். சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு கொசுவினாள். தலையை மட்டும் அடுத்த காம்பிரா வேலாயி முடிந்துவிட்டாள்.

"மகாராணிக்கு இன்னிக்கு சடையா, கொண்டையா?"

"இருக்கிறதே நாலு முடி. அதையும் புடுங்கிராதடி."

ஞாயிறு காலை ஒரு சுருளைத் துவைத்தாள். லயத்துக்குப் பின்னால் கவ்வாத்துசாமிக் கல்லின் மேல்தான் வெயில் விழுந்தது. முழங்கை உயரக் கல். துணியை அதன்மேல் விரித்துவிட்டு வந்தாள். தேயிலைச் செடிகளைக் கட்டையாகக் கவ்வாத்து வெட்டிய மலையில் மறுபடி கொழுந்தெடுக்கும் முன் அந்தக் கல்லுக்கு வெள்ளைத் துணி சாத்துவது வழக்கம். அந்த முறை யாரும் சாத்தியிருக்கவில்லை. அது அவளுக்கு நினைவில் இல்லை.

மதியம் அடுப்பில் விறகைத் தள்ளும்போது கைக்கட்டில் தீப்பிடித்தது. உதறி, கழற்றி, தண்ணீரை ஊற்றினாள். தோல் தப்பியது. துணி கரியாகிவிட்டது.

சாயங்காலத்துக்குள் விரல்கள் தடித்துவிட்டன. மற்றதை எடுக்கப் பின்பக்கம் போனாள். பனிமூட்டம் இறங்கியிருந்தது.

விரித்த துணி விரித்தபடி இல்லை. கல்லின் அடியிலிருந்து உச்சிவரை சுற்றியிருந்தது. ஒவ்வொரு சுற்றும் முந்தினதில் பாதியை மறைத்தது. கீழே இறுக்கம், மேலே தளர்வு.

"வேலாயி, நீயா சுத்துன?"

"நானா? நீ சாத்தினதுன்னுல்ல நெனச்சேன்!" வேலாயி கிட்டே வரவில்லை. "அதைத் தொடாதடி. சாமிக்குச் சாத்தினத எடுத்தா கை போயிரும்."

"எடுக்கலேன்னா காம்பிரா போயிரும்."

மருந்தையா லயத்துப் பக்கமே வருவதில்லை. அப்படிச் சுற்ற இரண்டு நல்ல கைகள் வேண்டும். யோசித்துக்கொண்டே ரெங்கம்மா துணியை அவிழ்த்தாள். அடியில் இருந்த கல்லில் நெசவின் வரிகள் பதிந்திருந்தன. தினமும் கட்டை அவிழ்க்கையில் தன் தோலில் பார்க்கும் அதே வரிகள். விரலால் அழுத்தினாள். கல் குழிந்தது. குழி, அவளுடைய வீங்கிய கையில் போலவே, மெல்ல, மெல்ல மேலெழுந்தது.

அவள் ஓடவில்லை. துணியைச் சுருட்டிக்கொண்டு நேரே மருந்துக் காம்பிராவுக்குப் போனாள்.

"என்ன பிள்ளை, துணி சுடுகுது?" என்றார் கனகசபை.

"வெயில்ல கெடந்துச்சுங்க."

அவர் ஜன்னல் வழியே பனிமூட்டத்தைப் பார்த்தார். பிறகு கட்டிவிட்டார்.

விடிந்ததும் பெரட்டில் துரை விரலை மடக்கச் சொன்னார். ஐந்தும் மடங்கின. கங்காணி பேரைக் கூப்பிட்டார். ரெங்கம்மா கூடையை மாட்டிக்கொண்டாள்.

மலையில் அவளுக்கு இடப்பக்கத்துச் செடி நிரை வேலாயிக்கு. சாமித் துணியைக் கட்டியவள் பக்கத்தில் நிற்க மாட்டேன் என்று வேலாயி மேலே போய்விட்டாள். மற்றவர்களும் வரவில்லை. பனிமூட்டம் மறுபடி இறங்கி அந்த நிரையை மூடியது.

ரெங்கம்மா பறித்தாள். இடப்பக்கம், ஆளில்லாத நிரையில், கொழுந்து ஒடிகிற சத்தம் கேட்டது. அவள் நிறுத்தினால் அதுவும் நிறுத்தியது. அவள் தொடங்கினால் அதுவும் தொடங்கியது.

கங்காணியைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் கையை நிறுத்த வேண்டும். மேல் ரோட்டில் துரை நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரெங்கம்மா அடுத்த செடிக்குப் போனாள். பக்கத்து நிரையில் இலைகள் விலகின.