மலையேறிய விளக்கு

இதில் ஓர் எழுத்துப் பொய்யென்றாலும் என் மீசை உதிர்ந்து தேநீரில் விழட்டும். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழட்டும்.

அந்த நாட்டின் தலைநகரம் பெரிய துறைமுகம். அதே பெயரில் இன்னும் மூன்று ஊர்கள் உண்டு: ஒரு ரயில்வே கேட், இரண்டே வீடுள்ள ஒரு சதுப்பு, ஆடு மேயும் ஒரு மலை. நம் லாரி டிரைவருக்கு யாரிடமும் வழி கேட்கிற பழக்கம் கிடையாது. கேட்டால் ஸ்டியரிங் கோபித்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி. அதனால் துறைமுகத்துக்கு அனுப்பிய பெயின்ட் ரயில்வே கேட்டுக்குப் போனது. கேட்கீப்பர் கேட்டுக்கு அடித்த கையோடு மாட்டுக்கும் அடித்துவிட்டார். கிரேன் கயிறு சதுப்புக்குப் போனது. இரண்டு வீட்டாருக்கும் நடந்த கயிறு இழுக்கும் போட்டி இன்னும் முடியவில்லை.

லாரி முதலாளி டிரைவரின் மனைவிக்கு அண்ணன். கலங்கரை விளக்கத்துக்கான புது விளக்கை ஏற்றிவிட்டுச் சொன்னார்:

"மாப்ள, வாயுள்ள பிள்ளை பிழைக்கும்பாங்க. உனக்கு வாய் சாப்பிட மட்டும்தானா?"

இதுவும் ஊர் மாறினால் சாவி தங்கச்சி கைக்குப் போய்விடும் என்றார். தங்கச்சி இவரைவிட நன்றாக ஓட்டுவாள். 

சாலை ஏற ஏற, துறைமுகத்தை ஏன் இவ்வளவு உயரத்தில் கட்டினார்கள் என்று அவருக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. அலை ஏறாமலிருக்கத்தான் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டார். உச்சியில் ஆடுகளைப் பார்த்ததும்தான் உண்மை உறைத்தது. அதற்குள் மலையூர்த் தலைவி விளக்குப் பெட்டியை இறக்கவைத்துவிட்டாள்.

"அக்கா, இது தலைநகரத்துக்குப் போகவேண்டியது."

"பெட்டி மேல எங்க ஊர்ப் பேருதானே தம்பி இருக்கு? கீழ இருக்கறவங்க வேணும்னா வேற பேரு வெச்சுக்கட்டும்."

விளக்கு தண்ணீர்த் தொட்டிமேல் ஏறியது. பொழுது சாய்ந்ததும் சுழன்றது. தூரத்தில் வந்த ஒரு கப்பலின் கேப்டன், தலைநகரம் சொல்லாமல் கொள்ளாமல் இடம் மாறிவிட்டது போலும் என்று கப்பலைத் திருப்பினார். ஆற்றில் ஏறி, வாய்க்காலில் நுழைந்து, ஈரப் புல்லில் வழுக்கிக்கொண்டே மேலே வந்து நங்கூரம் போட்டார். ஆடுகள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டன.

அந்த நேரம் பார்த்து முதலாளி போனில் வந்தார். எங்கே நிற்கிறாய் என்றார். துறைமுகத்தில் என்றார் டிரைவர். ஆடு கத்துகிறதே என்றார் முதலாளி.

"ஏற்றுமதி, மச்சான்."

அப்படியானால் கப்பல் சங்கு கேட்கட்டும் என்றார் முதலாளி. டிரைவர் வாழ்நாளில் முதல்முறையாக இன்னொருவரிடம் உதவி கேட்டார். கேப்டன் தாராளமாக ஊதினார். இரண்டு மேகங்கள் பின்வாங்கின.



"சாவி உன்கிட்டயே இருக்கட்டும் மாப்ள," என்றார் முதலாளி.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: அந்த நாட்டுக்குக் கடலே கிடையாது. தயவுசெய்து என் தேநீருக்குள் எட்டிப் பார்க்காதீர்கள்.