மூடியின் உள்பக்கம்

மூன்றாவது தடவையும் பானை காலை வாரிவிட்டது.

பானை என்பது வேலைக்காரர்கள் வைத்த பெயர். ஆளுயர எஃகுக் கலம். சுற்றிலும் ஏழு வாய், ஒவ்வொரு வாய்க்கும் கனத்த மூடி ஒன்று. உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் பம்ப் உறிஞ்சி எடுக்கும். அப்புறமும் எஃகுச் சுவரில் ஈரம் ஒட்டிக்கொண்டு போக மாட்டேன் என்று அடம் பிடிக்கும். அதை விரட்ட, வெளியே சூடேற்றும் பட்டையைச் சுற்றி, அதன் மேல் அலுமினியத் தாளைப் போர்த்தி இரண்டு நாள் சுட வேண்டும். தாளைப் போர்த்துவது தாள்காரரின் வேலை. பதினான்கு வருஷமாகப் போர்த்துகிறார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

பானைக்குள் போகும் ஒவ்வொரு துண்டையும் கழுவித் துடைத்து மூடுவது அவர் மனைவியின் வேலை. அவள் போய்ச் சேர்ந்து நாற்பத்தேழு நாள் ஆகிறது.

பானை யாருக்காக என்றால், ஆராய்ச்சி செய்ய வந்த ஒரு பெண்ணுக்காக. அவள் கேள்வி கேட்பதற்குச் சின்னது. துடைத்து வைத்த உலோகத்தின் மேல் தண்ணீரின் முதல் பொடி, கண்ணுக்கே தெரியாத ஒற்றைப் பொடி, வந்து உட்காரும்போது எப்படி உட்காரும்? மாடியில் கரும்பலகையே கதி என்று கிடக்கும் கணக்குக்காரர்களில் பாதிப் பேர் முழுசாகப் படுத்துக்கொள்ளும் என்றார்கள். மீதிப் பேர், இல்லை, உட்காரும் வேகத்திலேயே சிலது உடைந்து போகும் என்றார்கள். ஆளுக்கு ஒரு கணக்கு. கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. பார்ப்பதற்கு, அந்தத் தண்ணீர்ப் பொடியைத் தவிர வேறொன்றும் உள்ளே இருக்கக் கூடாது. பக்கத்துக் கட்டடத்துத் துகள்காரர்களோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ தேவலை. அவர்கள் வருமா வராதா என்றே தெரியாத ஒரு துகளுக்காகப் பத்து வருஷமாக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தாள்காரரின் மனைவிக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துவிட்டது. தினமும் காலையில் கையுறையை மாட்டிக்கொண்டே கேட்பாள்.

"என்னடி தண்ணிக்காரி, உன் தண்ணி உட்கார்ந்துச்சா?"

"எங்கக்கா, இன்னும் நாற்காலியே துடைக்கல."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஒரே பகடி, தினமும் புதுசு மாதிரி.

இப்போது தண்ணிக்காரி திரையைப் பார்த்தபடி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே மிச்சம் என்ன இருக்கிறது என்று மோப்பம் பிடிக்கும் கருவி ஒன்று உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு எழும்பும். தண்ணீர்க் கோடு இருந்தது, அது எப்போதும் இருப்பது. அதற்கு அப்பால் சீப்பின் பல் மாதிரி, ஒரே இடைவெளி விட்டு, ஒரு வரிசை. எண்ணெய் என்றாள். பம்ப்பைச் சந்தேகப்பட்டுக் கழற்றிப் பார்த்தாயிற்று, அது யோக்கியமாக இருந்தது. அவளுக்கு இங்கே வேலை பார்க்க அனுமதி இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. மூன்று தடவை சுட்டதில் மூன்று வாரம் போய்விட்டது.

ஆய்வுக்கூடத் தலைவர் வந்து பார்த்தார். கெட்டவர் இல்லை, ஆனால் விடாக்கண்டர். யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள், எல்லா மூடியையும் திறந்து பாருங்கள், யார் என்று குறிப்பேட்டில் எழுதியாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். போகிற வழியில் கழுவும் அறை வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். அங்கே அவரே மாட்டிய படம் இருந்தது. தாள்காரரின் மனைவி, வெள்ளை அங்கியில், சிரிப்பை அடக்கிக்கொண்டு. கீழே அச்சில் ஒரு வரி: பதினோரு வருடம், ஒரு கைரேகை கூட இல்லை.

ஒரு மூடிக்குப் பதினாறு போல்ட். தாள்காரர் கழற்றினார், பெண் டார்ச் அடித்தாள். முதல் மூடி கண்ணாடி மாதிரி சுத்தம். இரண்டாவது, மூன்றாவது அப்படியே. ஆறாவது மூடியை மேசையில் மல்லாத்தி வைத்து வெளிச்சத்தைச் சாய்த்ததும் பெண் மூச்சை உள்ளே இழுத்தாள்.

ஓரத்தில், காற்றுப் புகாமல் அடைக்கும் செம்பு வளையம் உட்காரும் பள்ளத்தை ஒட்டி, ஒரு கட்டைவிரல். ஒட்டியபோது யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. சுட்டபோது விரலின் எண்ணெய் கருகிப் பழுப்பாகி, ஒரு தடவைக்கு ஒரு தடவை அழுத்தமாகி, இப்போது அச்சடித்த மாதிரி இருந்தது. வளையம் வளையமாகப் போன ரேகையைக் குறுக்கே ஒரு கோடு வெட்டியது.

அந்தக் கோட்டைத் தாள்காரருக்குத் தெரியும். கலியாணம் ஆன இரண்டாம் வருஷம் தகட்டின் விளிம்பு மனைவியின் விரலைக் கிழித்தது. ரத்தம் நிற்காமல், தன் தோள்துண்டைக் கிழித்துக் கட்டியது அவர்தான்.

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். வைத்த சத்தம் அவருக்கே பெரிசாகக் கேட்டது.

அந்த மூடி போட்ட நாள் நினைவுக்கு வந்தது. எட்டு மாதம் முன்னால். அப்புறம் பம்ப் வரத் தாமதமாகிப் பானை சும்மாவே கிடந்தது. மூடி போடுவது இரண்டு ஆள் வேலை. ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும், ஒருவர் முடுக்க வேண்டும். பதினோரு வருஷத்தில் அவள் தனியாகப் போட்டதே இல்லை. அன்றைக்கு மட்டும், "நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்" என்றாள். பெண்டாட்டிக்குத் திடீரென்று கரிசனம் வந்துவிட்டது என்று குஷியாகப் போனார். துகள்காரர் கட்டட வாசலில் காவலாளியோடு அரை மணி அரட்டை. திரும்பி வந்தபோது மூடி போட்டாயிற்று. அவள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள், நெற்றியெல்லாம் வேர்வை.

"ஒரு மூடிக்கு இவ்வளவு வேர்வையா? கிழவியாயிட்ட" என்று அவர் கேலி செய்தார். அவளும் சிரித்தாள். வலது கையை அங்கிப் பைக்குள் வைத்திருந்தாள்.

அந்த நாட்களில் அவள் பையில் ஒரு களிம்புக் குழாய் இருந்தது. கழுவிக் கழுவித் தோல் வெடிக்கிறது என்றாள். அவரும் சரி என்று விட்டுவிட்டார்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் டம்ளர் அவள் கையிலிருந்து நழுவியது. அன்றைக்குத்தான் மருத்துவரிடம் போனார்கள். கழுத்தெலும்புக்குள் கட்டி. எவ்வளவு நாளாக விரல் மரத்துப்போகிறது என்று மருத்துவர் கேட்டார். பத்து நாளாக என்றாள். தாள்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, நிதானமாக, பத்து நாளாக என்றாள். கொஞ்சம் முன்னால் தெரிந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம் என்றார் மருத்துவர். பத்து நாளில் யாருக்குத்தான் என்ன தெரியும்? இந்த நாற்பத்தேழு நாளும் தாள்காரர் அந்தப் பத்து நாளைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருந்தார்.

பழுப்புக் கட்டைவிரல் வேறு கணக்குச் சொன்னது: பத்து நாள் இல்லை, குறைந்தது மூன்று மாதம். கையுறையோடு வளையம் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று அவள் விரலுக்குத் தெரியவில்லை. வெறும் விரலுக்காவது தெரியுமா என்று கழற்றித் தடவிப் பார்த்திருக்கிறாள். அதை அவர் பார்க்கக் கூடாது என்றுதான் டீக்கு அனுப்பினாள். அவள் எதை நினைத்துப் பயந்தாள்? வேலை போய்விடும் என்றா, இந்த மனுஷன் தாங்க மாட்டான் என்றா? கேட்கலாம் என்றால் ஆளில்லை. அவர் அரட்டை அடித்த அந்த அரை மணி நேரம் இந்த மூடியில் இருந்தது. அதைத் தன் கையாலேயே தாளில் போர்த்தி மூன்று தடவை சுட்டிருக்கிறார்.

தலைவர் வந்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"யார் கை இது?"

பெண் வாயைத் திறப்பதற்குள் தாள்காரர் சொன்னார்: "என் கை சார். அன்னைக்கு அவசரத்துல கிளவுஸ கழட்டிட்டேன்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். பதினான்கு வருஷ ஆள் நீங்களே இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். கோபமாகக் கூட இல்லை. பிறகு கழுவும் அறைப் பக்கம் கையைக் காட்டினார். "அந்த அம்மா மட்டும் இருந்திருந்தா, உங்கள உண்டு இல்லன்னு பண்ணியிருப்பாங்க."

"ஆமா சார்," என்றார் தாள்காரர். "விட்டிருக்க மாட்டா."

குறிப்பேட்டை நகர்த்தி வைத்துவிட்டுத் தலைவர் போய்விட்டார். தாள்காரர் பேனாவை எடுத்து எழுதினார். மூடி ஆறு. உள்ளே கை பட்டது. பட்ட கை என்னுடையது. அடியில் அந்தச் சம்பளச் சீட்டுப் பெயரை முழுசாகப் போட்டார்.

பெண் அவர் கட்டைவிரலைப் பார்த்தாள். முறம் மாதிரி அகலம், ஒரு வெட்டுக்கூட இல்லை. மூடியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. மாற்று மூடிக்கு எழுதிப் போடலாம், இரண்டு மாதத்தில் வந்துவிடும் என்றாள்.

"அண்ணே, இதை நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

"ரெண்டு மாசம் நீ எங்கம்மா இருப்ப?"

அவள் டார்ச்சை அணைத்தாள்.

"கொண்டுபோய் என்ன பண்றது? பாத்துட்டே உட்கார்ந்திருப்பேன்," என்றார். மூடியைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினார். "அவ கழுவாம விட்ட ஒரே பாத்திரம் இதாம்மா. கழுவிடுவோம்."

கழுவும் அறையில் அவள் தொட்டி, அவள் முக்காலி. அவள் செய்த வரிசை அவருக்கு மனப்பாடம்: சோப்புத் தண்ணீர், கொதி தண்ணீர், அசிட்டோன், கடைசியில் எரிசாராயம். பழுப்பு எதற்கும் மசியவில்லை. தேய்க்கும் நாரை எடுத்தார். தொடங்குவதற்கு முன் கையுறையைக் கழற்றினார். இனி எத்தனை கை பட்டால்தான் என்ன, எல்லாம் போகப் போவதுதானே? அந்த விரலின் மேல் தன் விரலை வைத்தார். எஃகு சில்லென்று இருந்தது. கையில் மேடு பள்ளம் ஒன்றும் தட்டுப்படவில்லை. பார்க்கத்தான் இருந்தது, தொட இல்லை.

கையுறையை மாட்டிக்கொண்டு தேய்த்தார். ரேகையின் வெளி வளையம் முதலில் போனது. குறுக்குக் கோடு கடைசி வரைக்கும் நின்றது. அதை இரண்டு தடவை விட்டுவிட்டு வேறு இடத்தைத் தேய்த்தார். அப்புறம் அதையும் தேய்த்தார்.

மூடி போடும்போது பெண் தாங்கிப் பிடித்தாள், அவர் முடுக்கினார். நான்காவது தடவை தாள் போர்த்தி இரண்டு நாள் சுட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை அவர் உள்ளே நுழையும்போது பெண் திரைக்கு முன்னால் எழுந்து நின்றிருந்தாள். சீப்புப் பல் போன இடம் தெரியவில்லை. தண்ணீர்க் கோடு கூடத் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. இந்தக் கூடத்தில் எந்தப் பானையும் இவ்வளவு இறங்கியதில்லை என்றாள். குரல் துள்ளியது.

"உள்ள ஒண்ணுமே இல்லண்ணே. சுத்தமா ஒண்ணுமே இல்ல."

சொல்லிவிட்டு, சொன்னது தன் காதிலேயே விழுந்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகும் நின்றுகொண்டேதான் இருந்தாள். காலையில் அந்த நேரத்தில் அவளை ஒரு கேள்வி கேட்பார்கள். இத்தனை மாதத்தில் இன்றைக்குத்தான் அதற்குச் சொல்லப் பதில் இருந்தது: துடைச்சாச்சு அக்கா, இனி வரலாம். அது தாள்காரருக்கும் தெரியும். கேட்டுவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தார். என்னடி தண்ணிக்காரி என்பது வரைக்கும் நாக்கு நுனிக்கு வந்தது.

வரவில்லை. பானையின் அருகே போய், இன்னும் இளஞ்சூடாக இருந்த தாளை, மேலிருந்து மடிப்பு மடிப்பாகப் பிரிக்கத் தொடங்கினார்.