இரண்டாவது பாட்டுக்கு முன்னால்

டூக்காவின் காதுகளுக்குப் பகலிலும் ஓய்வில்லை, மாலையிலும் ஓய்வில்லை. ஹெல்சிங்கி நகரத்துக் கட்டடங்களில் தீ எச்சரிக்கை மணி சரியாக அடிக்கிறதா என்று அடித்துப் பார்ப்பது அவன் உத்தியோகம். நாள் முழுக்க அந்த அலறலைக் கேட்டுவிட்டு, சாயங்காலம் ஆனால் கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு ஹெவி மெட்டல் கச்சேரிக்குக் கிளம்பிவிடுவான். "அந்த மணிக்கும் நீ கேக்குற பாட்டுக்கும் என்னப்பா வித்தியாசம்?" என்று கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டல் செய்தால், "மணியில டிரம்ஸ் கிடையாது" என்பான். அதற்கு மேல் விளக்கம் சொல்கிற ஆள் அல்ல அவன்.

அந்த உத்தியோகத்தில் சம்பளம் போக இன்னொரு லாபமும் இருந்தது. எல்லாக் கதவுகளும் அவனுக்குத் திறந்தன. தேவாலயத்தின் பின்கட்டில் தனியாக உட்கார்ந்து ஆர்கன் பழகும் பெண், கப்பல் பட்டறைச் சாப்பாட்டு அறையில் பாட்டுக் குழு நடத்தும் வெல்டிங்காரர்கள், பள்ளிக்கூட நிலவறையில் யாருக்கும் தெரியாமல் தப்பும் தவறுமாக ஜாஸ் வாசிக்கும் கணக்கு வாத்தியார்கள் என்று ஊருக்குள் ஒளிந்திருந்த சங்கீதமெல்லாம் ஒவ்வொன்றாக அவன் கண்ணில் பட்டது. கண்டுபிடித்ததை அவன் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்வான். அவள் மிர்வா.

மிர்வா ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர். ஆறு வருடத்துக்கு முன் ஒரு கச்சேரியில் இடது பக்கத்து ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே, காதில் காகிதக் கைக்குட்டையைக் கிழித்து அடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். டூக்காவுக்கு மனசு கேட்கவில்லை. பையிலிருந்து காதடைப்பான் ஒரு ஜோடி எடுத்து நீட்டினான். அடுத்த கச்சேரிக்கும் அவள் மறந்துவிட்டுத்தான் வந்தாள். அதற்கடுத்ததற்கும் அப்படியே. அதிலிருந்து அவன் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு ஜோடி இருக்கும்.

கச்சேரி முடிந்தால், "நல்லா இருந்துச்சு" என்பாள் மிர்வா. "இருந்துச்சு" என்பான் டூக்கா. அந்த ஊரில் இதற்குப் பெயர் நீண்ட உரையாடல். பிறகு வாசலில் கொடுத்து வைத்த குளிர் ஜாக்கெட்டைத் திரும்ப வாங்கும் வரிசையில் நிற்கும்போது, வெல்டிங்காரர்களைப் பற்றியோ வாத்தியார்களைப் பற்றியோ அவன் நாலு வாக்கியம் சொல்வான். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக அவன் வாரம் முழுக்க மணி அடிக்கத் தயாராக இருந்தான். அவள்மேல் உயிரையே வைத்திருந்தான், ஆனால் சொல்ல வாய் வரவில்லை. பாட்டு நடக்கும்போது சொன்னால் காதில் விழாது. பாட்டு நின்ற பிறகு சொன்னால் வரிசையில் நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழும். ஜாக்கெட்டுகளை வாங்கி மாட்டி வைக்கும் கீர்சி மட்டும் எல்லாம் தெரிந்தவள் போல இரண்டு பேருடையதையும் ஒரே கொக்கியில் மாட்டுவாள்.

குளிர்காலம் பிறந்ததும் வியாழக்கிழமைகளில் மிர்வா காணாமல் போனாள். "வியாழன் முடியாது, வேற வேல இருக்கு" என்றாள். என்ன வேலை என்று டூக்கா கேட்கவில்லை. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது அங்கே கூடாது. கேட்காமல் இருந்ததற்கு அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். கச்சேரியில் பக்கத்து இடம் காலியாகக் கிடக்க, சட்டைப்பையில் அந்த இரண்டாவது ஜோடியை விரலால் உருட்டிக்கொண்டே நின்றான். யாரோ ஒருத்தன் இருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டான். அந்த யாரோ உயரமாக இருப்பான் என்றும் அவனுக்குத் தோன்றியது.

அப்படி ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வல்லிலா பகுதியில் ஒரு பழைய தொழிலாளர் மன்றத்தில் மணியைச் சோதிக்கும் வேலை வந்தது. வழக்கம்போல வாசல் கதவில் அறிவிப்பை ஒட்டினான். வழக்கம்போல யாரும் அதைப் படிக்கவில்லை. பொத்தானை அமுக்கினான். மணி ஊரைக் கூட்டியது. மாடிக் கதவு படாரென்று திறந்து, மெல்லிய தோல் செருப்பும் பளபளக்கும் சட்டையுமாக ஒரு கூட்டம் படியிறங்கி வந்து பனியில் நின்று குதித்தது. அக்கார்டியனை மார்போடு அணைத்தபடி ஒருவர் வந்தார். கடைசியாகச் சிவப்புப் பாவாடையில் வந்தாள் மிர்வா.

அவளைக் கறுப்பைத் தவிர வேறு நிறத்தில் அவன் பார்த்ததே இல்லை.

"நீதான் மணி அடிச்சியா?" என்றாள்.

"ஆமா. கதவுல ஒட்டியிருந்தேனே."

"யார் படிக்கிறா?" பல் கிட்டியது அவளுக்கு. டூக்கா தன் கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தான். வாங்கி மாட்டிக்கொண்டாள். "டாங்கோ ஆட்டம் கத்துக்கறேன். சிரிக்காத."

"சிரிக்கல."

"உள்ளுக்குள்ள சிரிக்கற."

"உள்ளுக்குள்ள வேற ஓடுது." உண்மையில் அவனுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. உயரமான யாரோ இல்லை, அக்கார்டியன்தான்.

"அடுத்த வியாழன் இங்க ஆட்ட நாள். யாரு வேணா வரலாம்" என்று பனியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள் மிர்வா. "பயமில்லன்னா வா."

அடுத்த வியாழன், அவன் இரண்டு வருடமாகக் காத்திருந்த ஒரு குழுவின் கச்சேரி. டிக்கெட்டைத் தன்னோடு வேலை பார்ப்பவனிடம் சும்மாவே தூக்கிக் கொடுத்துவிட்டு, கல்யாணத்துக்கும் சாவுக்கும் என்று வைத்திருந்த ஒரே வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு மன்றத்துக்குப் போனான்.

வாசலில் கீர்சி உட்கார்ந்திருந்தாள். "உனக்கு இங்கயுமா வேல?" என்றான் டூக்கா.

"வாடக ரெண்டு எடத்துல சம்பாதிச்சாதான் கட்ட முடியுது. குடு ஜாக்கெட்ட." வெள்ளைச் சட்டையை மேலும் கீழும் பார்த்தாள். "யாரு செத்தது?"

உள்ளே எட்டு வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். ஒரு சுவரோரம் ஆண்கள், எதிர்ச் சுவரோரம் பெண்கள், நடுவே மெழுகு போட்ட வெறுந்தரை. மேடைக்கு மேல் ஒரு விளக்குப் பலகை. 'ஆண்கள் அழைக்கலாம்' என்று எரிந்தால் ஆண்கள் போய்க் கூப்பிட வேண்டும், 'பெண்கள் அழைக்கலாம்' என்று எரிந்தால் பெண்கள் வருவார்கள். மெட்டல் கச்சேரியில் முட்டி மோதுகிற கூட்டத்தில் எத்தனையோ முறை விழுந்திருக்கிறான். விழுந்தால் பத்துக் கைகள் தூக்கிவிடும். இங்கே அந்த வெறுந்தரையைத் தனியாளாகத் தாண்ட வேண்டும். கூப்பிட்டு, அந்தப் பெண் மாட்டேன் என்றால் அதே தரையைத் தனியாளாகத் திரும்பவும் தாண்ட வேண்டும்.

எப்படியோ தாண்டினான். மிர்வா கை கொடுத்தாள். பாட்டு ஆரம்பித்தது. டூக்கா எண்ணிக்கொண்டே ஆடினான், எண்ணியும் தப்பினான். அவள் காலை மிதித்தான். மன்னிப்புக் கேட்கும்போது இன்னொரு தடவை மிதித்தான், அதற்குப் பிறகும் மிதித்தான். அவள் முகம் சுருங்குவதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. பாட்டு முடிந்ததும், பாவம், இவளை இதோடு விட்டுவிடுவதுதான் தர்மம் என்று நினைத்தான். "நன்றி" என்று தலையசைத்துவிட்டு அவளை நடுத்தரையிலேயே விட்டுவிட்டு விறுவிறுவென்று வெளியே போனான்.

மற்ற ஜோடிகள் யாரும் நகரவில்லை. எல்லோரும் திரும்பி மிர்வாவைப் பார்த்தார்கள்.

"என் ஜாக்கெட்" என்று டோக்கனை நீட்டினான் டூக்கா.

கீர்சி டோக்கனை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். ஜாக்கெட்டைத் தரவில்லை. "உள்ள இப்ப ஒரு பாட்டுதான முடிஞ்சுது?"

"ஆமா."

"ஒரு பாட்டோடயா விட்டுட்டு வந்த?"

"நல்லா மிதிச்சுட்டேன், கீர்சி. பாவமா இருந்துச்சு."

கீர்சி காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஏம்ப்பா, நீ இந்த ஊர்லதான பொறந்த? கூப்பிட்டா ரெண்டு பாட்டு ஆடணும். புடிச்சாலும் ரெண்டு, புடிக்கலன்னாலும் ரெண்டு. அப்புறம் கூட்டிட்டுப் போயி அவங்க எடத்துல விட்டுட்டு நன்றி சொல்லணும். ஒண்ணோட விட்டுட்டு வந்தா என்ன அர்த்தம் தெரியுமா? உன்னோட ஒரு நிமிஷம் கூட ஆட முடியாதுன்னு அத்தன பேர் முன்னால சொன்ன மாதிரி."

டூக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. "யாரும் சொல்லலயே."

"இத யாரு சொல்லுவா? எல்லாருக்கும் தெரியும். எங்கம்மா ஒருத்தன்கிட்ட இதுக்காகவே இருவது வருஷம் பேசாம இருந்தாங்க."

"நான் போறேன். ஜாக்கெட்டக் குடு."

"கதவு சாத்துற வரைக்கும் தர மாட்டேன். வெளிய குளிரு மைனஸ் பதினஞ்சு. போ உள்ள."

வேறு வழியில்லாமல் உள்ளே போனான். ஆண்கள் சுவரோரம் நின்ற யாரும் அவனோடு பேசவில்லை. பக்கத்திலிருந்தவர் மட்டும் அரையடி தள்ளி நின்றுகொண்டார். ஆறு வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை ஒரே நிமிடத்தில் போட்டு உடைத்துவிட்டோமே என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. மிர்வா எதிர்ச் சுவரோரம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

விளக்குப் பலகை மாறியது. பெண்கள் கிளம்பி வந்தார்கள். மிர்வா நேராக டூக்காவைத் தாண்டிப் போய் ஒரு மொட்டைத்தலைக்காரரைக் கூப்பிட்டாள். அவர் காற்றில் மிதப்பவரைப் போல ஆடினார். உயரமாக வேறு இருந்தார். இரண்டு பாட்டு ஆடி, அவளை இடத்தில் கொண்டுவந்து விட்டு, தலை குனிந்து நன்றி சொன்னார். எவ்வளவு எளிது, நமக்கு மட்டும் ஏன் இந்தப் புத்தி என்று டூக்கா நொந்துகொண்டான்.

பலகையில் இன்னும் பெண்கள் முறைதான் எரிந்துகொண்டிருந்தது. மிர்வா மறுபடி எழுந்தாள். இந்த முறை அவன் முன்னால் வந்து நின்றாள். கையை நீட்டினாள், சிரிக்கவில்லை.

டூக்காவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பழிக்குப் பழி. ஒரு பாட்டு ஆடுவாள், நடுத்தரையில் விட்டுவிட்டுப் போவாள். போகட்டும், நியாயம்தானே என்று கூடவே போனான். எப்படியும் அவமானம்தான் என்று ஆன பிறகு எண்ணுவதை விட்டுவிட்டான். அதனாலோ என்னவோ ஒரே ஒரு தடவைதான் மிதித்தான்.

பாட்டு முடிந்தது. அக்கார்டியன்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அவள் தன் கையை விலக்கட்டும் என்று டூக்கா காத்திருந்தான். இப்போது எடுத்துக்கொள்வாள், இதோ எடுத்துக்கொள்வாள்.

அவள் எடுக்கவில்லை.

"அவ்வளவு மோசமாவா ஆடுறேன் நான்?" என்றாள் மெதுவாக.

"ஐயோ, நீயில்ல. நான்தான். நாலு தடவ மிதிச்சேன்."

"அஞ்சு."

"உன்னக் காப்பாத்தலாம்னு நெனச்சேன். ரெண்டு பாட்டுன்னு எனக்குத் தெரியாது. இப்பதான் கீர்சி சொன்னா."

மிர்வா அவனையே பார்த்தாள். "எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன்" என்றாள். பிறகு, "உன்கிட்டருந்து தப்பிச்சு இங்க வரல. நீ சிரிப்பியோன்னுதான் சொல்லல. ஆறு வருஷமா உன் பக்கத்துல நிக்கறேன் டூக்கா. ரெண்டு பேரும் மேடையத்தான் பாத்துக்கிட்டு நிக்கறோம். எதுத்தாப்ல நின்னு ஒரு தடவ உன் மூஞ்சியப் பாக்கணும்னு இருந்துச்சு. அதுக்குத்தான் கத்துக்க வந்தேன்."

சுற்றிலும் ஒரு சத்தமும் இல்லை. அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் முழுதாகக் காதில் விழுந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் இரண்டாவது பாட்டு ஆரம்பித்துவிட்டது.

பாட்டு முடிந்ததும் முறைப்படி அவளைச் சுவரோரம் கூட்டிப் போனான். தலை குனிந்து நன்றி சொன்னான். பலகை மாறி, ஆண்கள் முறை எரிந்தது. மொட்டைத்தலைக்காரர் எதிர்ப் பக்கத்திலிருந்து கிளம்பி வருவது தெரிந்தது. டூக்கா தன் சுவருக்குப் போகவில்லை. நின்ற இடத்திலேயே கையை நீட்டினான்.

"நடுவுல ஓட மாட்டியே?" என்றாள் மிர்வா.

"ஓட முடியாது. ஜாக்கெட் கீர்சிகிட்ட இருக்கு. கதவு சாத்துற வரைக்கும் தர மாட்டாளாம்."

அந்தச் சிரிப்பைச் சிரித்தாள் மிர்வா, அவன் முகத்துக்கு நேராக.

"என்னோடதும் அவகிட்டதான் இருக்கு" என்று சொல்லிக் கை கொடுத்தாள். "ஒரே கொக்கியில."